இழுக்காதீங்க சார்

தப்பை முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரிப்பதைவிட அது எனக்கு மரியாதை. தாலுகா ஆபீசின் நிலப் பதிவுகள் அடங்கிய டேப் கார்ட்ரிட்ஜுக்கு ஆயுத பூஜைக்காகச் சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்து, நடுவில் குங்குமமும் வைத்து, நாலு நாள் கழித்து அதை அப்படியே எடுத்துக் கம்ப்யூட்டரின் டிரைவுக்குள் தள்ளியவன் நான். படிப்பு, கணிதத்தில் பட்டம். அதற்கு மேல் ஆறு மாதக் கம்ப்யூட்டர் டிப்ளமா. அந்தச் சான்றிதழைச் சட்டம் போட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தேன். அதற்கும் ஒரு பொட்டு உண்டு.

அந்த கார்ட்ரிட்ஜை வெளியே எடுத்தவரைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் போன் போட்டுவிட்டு, திட்டாமல், சும்மா இருப்பார். திட்டு வாங்கிப் பழகியவனுக்கு அந்தச் சும்மாதான் தாங்காது.

தஞ்சாவூரிலிருந்து வருகிற சர்வீஸ் இன்ஜினீயர் அவர். முப்பது வயது இருக்கும். திருப்பனந்தாளிலிருந்து பேராவூரணி வரைக்கும் எந்த அரசாங்க ஆபீசில் கம்ப்யூட்டர் படுத்தாலும் இவர்தான் பஸ் ஏறி வரவேண்டும். முதல் தடவை வந்தபோது, பருத்திச் சேலையும் தோளில் ஒரு ரெக்சின் பையுமாக வாசலில் நின்றவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இன்ஜினீயர் எப்பம்மா வருவாரு?" என்று கேட்டேன்.

"வந்துட்டாரு சார்," என்றார்.

வந்ததும் அவர் செய்கிற முதல் வேலை, இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொள்வது. பொருட்காட்சியில் 'தொடாதே' என்று எழுதி வைத்ததைப் பார்க்கிற மாதிரி பத்து நிமிஷம் மெஷினையே பார்த்துக்கொண்டு நிற்பார். எந்த விளக்கு எரிகிறது, எது அணைந்து அணைந்து எரிகிறது, எந்தச் சத்தம் வரவேண்டிய இடத்தில் வரவில்லை. அப்புறம் ஒரே ஒரு கேள்வி.

"கடைசியா என்ன நடந்துச்சு?"

யார் செய்தது என்று கேட்க மாட்டார். ஏன் செய்தாய் என்றும் கேட்க மாட்டார். அரசாங்க ஆபீசில் அந்த இரண்டு கேள்விகளையும் கேட்பதற்கென்றே தனி ஆட்கள் இருப்பது அவருக்குத் தெரியும். பதில் வரவில்லையென்றால் இரண்டாம் தடவை கேட்கவும் மாட்டார். காத்திருப்பார். எங்கள் பியூன் ஒருமுறை பிரிண்டரில் எதையோ திணித்து உருளையைச் சிக்க வைத்துவிட்டு, "நான் தொடவே இல்லீங்க" என்று எல்லாத் தெய்வங்களையும் சாட்சிக்குக் கூப்பிட்டார். இவர் நாற்காலியில் உட்கார்ந்து எங்கள் பழைய செய்தித்தாளைப் பிரித்தார். அரை மணி நேரம். வரி விளம்பரம் வரைக்கும் படித்துவிட்டார். பியூன் இரண்டு தடவை டீ வாங்கி வந்து வைத்தார். மூன்றாம் டீயோடு உண்மையும் வந்துவிட்டது.

"பொண்ணு காதணி விழா பத்திரிகைங்க. கெட்டி அட்டை. ஒண்ணே ஒண்ணு எப்படி வருதுன்னு பார்த்தேன்."

"விழா என்னிக்கு?" என்று மட்டும் கேட்டார். அந்த விழாவுக்குப் போயும் வந்தார்.

இன்னொன்று பஸ்ஸில் நடந்தது. கும்பகோணத்தில் ஒரு பயிற்சிக்கு நாங்கள் இருவரும் போக வேண்டியிருந்தது. நல்ல ஐப்பசி மழை. ஜன்னல் ஷட்டர் இறங்கவில்லை, சாரல் முகத்தில் அடிக்கிறது. பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கையில் ஆண்பிள்ளை சும்மா இருக்கலாமா? எழுந்து நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு கீழே இழுத்தேன். பின்சீட்டுக்காரர் என்னோடு சேர்ந்து இழுத்தார். கண்டக்டர் தூரத்திலிருந்தே, "நல்லா இழுங்க சார், நேத்து சாப்பிடலையா?" என்று ஊக்கம் கொடுத்தார்.

"இழுக்காதீங்க சார்."

அவர் எழுந்து, ஷட்டரின் இரண்டு ஓரத்திலும் விரலை வைத்து, ஓர் அங்குலம் மேலே தூக்கினார். இறக்கப் பாடுபடுகிற பொருளை மேலே தூக்குகிறாரே, பாவம், இவருக்கு ஒன்றும் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். மேலே போன ஷட்டர் ஒருகணம் யோசித்துவிட்டு, தானாக டொக்கென்று கீழே இறங்கியது. என் விரலின் மேல்.

விரலை வாயில் வைத்துக்கொண்டே, இதெல்லாம் எந்தக் காலேஜில் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டேன்.

"எங்கம்மா நடவுக்குப் போறவங்க சார். நாத்து பறிக்கிறத பார்த்திருக்கீங்களா? பார்க்கறவங்களுக்கு இழுக்கிற மாதிரி இருக்கும். இழுத்தா வேர் அறுந்துரும். தண்ணியக் கட்டி, அடியில புடிச்சு, லேசா ஆட்டி விடணும். அதுவா வரும்."

பார்த்திருக்கிறேன். எங்கள் குடும்பம் ஒரு காலத்தில் ஊரில் நிலம் வைத்திருந்த குடும்பம். அவருடைய அம்மாவைப் போன்றவர்கள் எங்கள் வயலில் குனிந்திருக்க, நாங்கள் குடை பிடித்துக்கொண்டு வரப்பில் நின்று, "சீக்கிரம் இழுங்க, சீக்கிரம்" என்று கத்திக்கொண்டிருந்த பரம்பரை. அதைச் சொல்லவில்லை. விரல் வாயில் இருந்தது வசதியாகப் போயிற்று.

அவர் எங்கள் ஆபீசுக்கு வருகிற நாட்களில், மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் இருவரின் டிபன் பாக்சும் ஒரே மாதிரி ஆவியில் இறுகிக் கிடக்கும். நான் என்னுடையதை மேஜை விளிம்பில் தட்டி, சாவியால் நெம்பி, கடைசியில் சாம்பாரைச் சட்டையில் வாங்கிக்கொள்வேன். அவர் தன்னுடையதை ஜன்னலோரம் வைத்துவிட்டு வேலையைப் பார்ப்பார். ஆறியதும் மூடி, தானாக வருவதற்குத்தான் காத்திருந்தது போல வந்துவிடும். அவர் சாப்பிட்டு முடிக்கும்போது நான் சட்டையைக் கழுவிக்கொண்டிருப்பேன்.

இனிப் பொட்டு விஷயம்.

எங்கள் ஹெட் கிளார்க் கறுப்புத் துண்டுக்காரர். கடவுள் மறுப்பு, சுயமரியாதைத் திருமணம், மகனுக்குத் தூய தமிழ்ப் பெயர் எல்லாம் உண்டு. ஆட்சி மாறும்போதெல்லாம் ஆபீஸ் சுவரில் முதல்வர் படம் மாறும். ஆணி மட்டும் அதேதான். அந்த ஆணியைப் போல நிலைத்து நின்றவர் இவர். இளவயதில் குத்தகைக்காரர்களுக்காக ஊர்வலம் போய் அடிபட்டவர். உழுகிறவர் பெயர் பதிவேட்டில் ஏற வேண்டும், ஏறிவிட்டால் நிலக்காரர் நினைத்த நேரத்தில் இறக்கிவிட முடியாது. அந்தக் குத்தகைப் பதிவேட்டை அவர் பிள்ளையைப் போல வைத்திருந்தார். "சும்மா வரல தம்பி இது," என்று நெற்றித் தழும்பைக் காட்டுவார். கம்ப்யூட்டர் அறையில் பூஜை கூடாது என்பது அவருடைய உத்தரவு. ஆகவே நான் ரகசியமாக, மேஜை டிராயருக்குள், ஒரே ஒரு கார்ட்ரிட்ஜுக்கு மட்டும் பூஜை போட்டேன். விடுமுறைக்கு முந்தின சாயங்காலம் எல்லாப் பதிவுகளையும் நகலெடுத்து வைத்திருந்த கார்ட்ரிட்ஜ். சீட்டுக்கட்டைவிடச் சின்னது. அதற்குத்தான் பாதுகாப்பு தேவை என்று நினைத்தேன்.

விடுமுறை முடிந்து வந்தால், மின்சாரம் ஏறி இறங்கியதில் கம்ப்யூட்டரின் டிஸ்க் போய்விட்டிருந்தது. காகிதத்தில் பார்க்கலாமென்றால், அந்த மாதத்துப் பதிவுகளை அச்சிடவே இல்லை. பிரிண்டர் ரிப்பன் கேட்டு எழுதிய கோப்பு இன்னும் மேஜை மேஜையாக ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. ஆக, அந்த மாதம் ஏறிய பெயர்கள் இந்த உலகத்தில் இருந்த ஒரே இடம் என் சந்தனப் பொட்டுக்கு அடியில்.

அந்தப் பெயர்களில் ஒன்று குணசுந்தரி. ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், நிலத்தைக் குத்தகைக்குச் செய்துவந்த கணவர் சித்திரையில் இறந்துபோக, பதிவு மனைவி பெயருக்கு மாறியிருந்தது. நான்தான் தட்டச்சு செய்தேன். நிலக்காரர், குத்தகை புருஷனோடு முடிந்துவிட்டது, அந்தப் பொம்பளைக்கும் நிலத்துக்கும் சம்பந்தமில்லை என்று மனுப் போட்டிருந்தார். சாலையோர நிலம், மனைக்கட்டு போட்டு விற்கலாம். விசாரணை அன்று மத்தியானம் மூன்று மணிக்கு, பக்கத்துக் கட்டடத்தில். பதிவேட்டின் நகலைக் காட்டினால் அந்த அம்மா சம்பா நடலாம். காட்டாவிட்டால் வயலில் கால் வைக்க முடியாது. காலை ஒன்பது மணியிலிருந்து வராந்தாவில் மஞ்சள் பையோடு உட்கார்ந்திருந்தார்.

நிலக்காரர் யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். என் பெரியப்பா.

இன்ஜினீயர் புது டிஸ்க்கோடு வந்து, மாட்டி முடித்தபோது மணி பன்னிரண்டு. "டேப்பக் குடுங்க சார்," என்று கையை நீட்டினார். டிராயரைத் திறந்தேன். கார்ட்ரிட்ஜ் என்னை நெற்றியில் பொட்டோடு பார்த்தது. பக்கத்திலேயே ஹெட் கிளார்க், கறுப்புத் துண்டோடு. துடைக்க நேரமில்லை. "நானே போடறேன் மேடம்," என்று உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு போய் ஒரே தள்ளாக டிரைவுக்குள் தள்ளிவிட்டேன்.

டிரைவ் என்பது ஒரு தடித்த புத்தகம் அளவு பெட்டி. கார்ட்ரிட்ஜை வாங்கி உள்ளே இறக்கி, அதிலிருந்து டேப்பை நூல் மாதிரி வெளியே எடுத்து ஓர் உருளையைச் சுற்றிப் போர்த்திக்கொள்ளும். அப்போதுதான் படிக்கும். இது பாதி இறக்கியது. கர்ரென்றது. டக்கென்றது. மறுபடியும் கர்ர், டக். பிறகு ஆரஞ்சு விளக்கு கண் சிமிட்ட ஆரம்பித்தது. பொத்தானை அமுக்கினால் துப்பவும் இல்லை, விழுங்கவும் இல்லை.

நான் டிரைவின் வாயில் விரலை விட்டு இழுக்கப் போனேன்.

"இழுக்காதீங்க சார். டேப்பு பாதி வெளிய நிக்குது. இழுத்தா அறுந்துரும்."

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கம்மா," என்றார் ஹெட் கிளார்க். அரசாங்கம் முழுவதும் நம்பிய ஒரே வைத்தியம் அது.

"வேணாம் சார். ஆன் பண்ணா மோட்டாரு தானா சுத்தும். உள்ள என்ன இருக்குன்னு தெரியாம சுத்த விடக் கூடாது." கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். குனிந்து டிரைவின் வாயருகே முகத்தை வைத்தார். மூக்கு லேசாக அசைந்தது. நிமிர்ந்தார். யாரையும் பார்க்கவில்லை.

"கடைசியா என்ன நடந்துச்சு?"

நான் கூரை மின்விசிறியின் அழகை ரசித்தேன்.

ஹெட் கிளார்க் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தில் அதுவரை நான் பார்க்காத ஒன்று வந்தது. "தம்பி, அந்தம்மா செய்யற நிலம் யாரோடதுன்னு எனக்குத் தெரியும். இன்னிக்குப் பார்த்து, நீ போட்ட டேப்பு சிக்கிக்கிச்சு. நாளைக்கு ஊரு கேக்கும். நான் என்னய்யா சொல்றது?"

இங்கே ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். விளக்கு சிமிட்டிய அந்த ஒரு கணத்தில், இது இப்படியே போய்விட்டால் பெரியப்பா இந்தப் பொங்கலுக்கு எனக்குப் பட்டு வேட்டி எடுத்துக் கொடுப்பார் என்று என் மனசில் ஓடியது. ஒரே கணம்தான். ஆனால் ஓடியது.

இன்ஜினீயர் மெதுவாக, மெஷினிடம் பேசுவது போலப் பேசினார். "திறந்துதான் எடுக்கணும். உள்ள காகிதம் கிழிஞ்சு மாட்டியிருந்தா நேரா வச்சுத் திறக்கலாம். தூளா இருந்தா தலைகீழாப் புடிச்சுத்தான் திறக்கணும். இல்லாட்டி தூளு டேப்பு மேல கொட்டி, எல்லாப் பேரும் போயிரும்." அவ்வளவுதான். மறுபடியும் கைகளைக் கட்டிக்கொண்டார்.

சுவர்க்கடிகாரம் பன்னிரண்டரை என்றது. வராந்தாவில் மஞ்சள் பை மடியில் இடம் மாறியது. அவர் செய்தித்தாளைப் பிரிக்கவில்லை. அன்று அதற்கு நேரமில்லை என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் கேட்கவில்லை.

"தூளு," என்றேன். "சந்தனம். நடுவுல குங்குமம்."

ஹெட் கிளார்க் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பொட்டு வச்சியா?"

"ஆமாண்ணே."

"மெஷினுக்கு நெத்தி எங்கய்யா இருக்கு?"

"மேல் பக்கம்ணே."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பா, கோபமா, நிம்மதியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நாற்பது வருஷப் பகுத்தறிவு என்னால் ஒரே நிமிஷத்தில் தோற்றுப்போனதாகவும் இருக்கலாம்.

இன்ஜினீயர் அதற்குள் வேலையில் இறங்கிவிட்டார். வயரைக் கழற்றி, டிரைவைத் தலைகீழாகத் திருப்பி, இரண்டு தடித்த பதிவேடுகளின் மேல் பாலம் மாதிரி வைத்தார். கீழே ஒரு வெள்ளைத் தாள். "டார்ச்சு யாராவது புடிங்க. கை ஆடக் கூடாது." நான் பிடித்தேன். வெளிச்சம் சுவரெல்லாம் ஓடியது.

"இப்படிக் குடு தம்பி," என்று பின்னாலிருந்து ஒரு குரல். குணசுந்தரி. வராந்தாவில் செருப்பை விட்டுவிட்டு, 'அன்னியர் உள்ளே வரக்கூடாது' பலகையைத் தாண்டி வந்து நின்றார். ஹெட் கிளார்க் நாற்காலியை நகர்த்தி வழி விட்டார். அந்த அம்மா டார்ச்சைப் பிடித்தார். வெளிச்சம் ஆணி அடித்த மாதிரி நின்றது.

"நீ எந்த ஊரு பொண்ணும்மா?"

இன்ஜினீயர் ஊரைச் சொன்னார்.

"அம்மா என்ன செய்யறாங்க?"

"நடவுக்குத்தான் போவாங்க. இப்ப இடுப்பு முடியல."

"அதானே பார்த்தேன். குனிஞ்சிருக்கிறதைப் பார்த்தாலே தெரியுது."

மூடி கழன்றதும் காய்ந்த சந்தனம் பொருக்குப் பொருக்காக வெள்ளைத் தாளில் விழுந்தது. பின்னாலேயே குங்குமம். அறை முழுக்க ஒரு கல்யாண வாசனை. மென்மையான தூரிகையால் மிச்சத்தையும் தட்டிவிட்டு, ஒரு சின்னத் திருப்புளியை எடுத்து, ஓரத்திலிருந்த பல்சக்கரத்தைக் கால் சுற்று திருப்பினார். நிறுத்தினார். வெளியே நின்ற டேப் ஒரு நூலளவு உள்ளே போயிற்று. இன்னொரு கால் சுற்று. இன்னொரு நூல். அப்படியே ஒரு மணி நேரம். நான் இரண்டு தடவை வாயைத் திறந்தேன், இரண்டு தடவையும் ஹெட் கிளார்க் கையைக் காட்டினார்.

கடைசியில் டேப் முழுவதும் உள்ளே போய், கார்ட்ரிட்ஜ் தானாக ஒரு பக்கம் லேசாக எழும்பியது. அவர் அப்போதும் இழுக்கவில்லை. டிரைவைச் சாய்த்தார். அது அவர் உள்ளங்கையில் வந்து விழுந்தது.

துடைத்து, டேப்பைப் படிக்கிற தலைப்பகுதியைச் சுத்தம் செய்து, மறுபடி போட்டபோது மணி இரண்டு பத்து. பச்சை விளக்கு எரிந்தது. பெயர்கள் ஒவ்வொன்றாகத் திரையில் ஏறின. குணசுந்தரி வந்ததும் ஹெட் கிளார்க், "நிறுத்து, நிறுத்து" என்றார், அது ஓடிப்போய்விடும் என்பது போல. ரிப்பன் வறண்டிருந்ததால் அச்சு கொசுக்கால் மாதிரி வந்தது. அதன் மேல் அவரே பேனாவால் ஒவ்வோர் எழுத்தாக எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையை மேஜை அதிரக் குத்தினார். மூன்றுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அந்த அம்மா நகலை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு நடந்தார். ஓடவில்லை.

பெரியப்பாவின் மனு அன்று நிற்கவில்லை. அந்தச் சம்பாவைக் குணசுந்தரிதான் நட்டார். பெரியப்பா இரண்டு வருஷம் என்னோடு பேசவில்லை. வேட்டியும் வரவில்லை.

சர்வீஸ் ரிப்போர்ட்டில் காரணம் என்று இருந்த இடத்தில் இன்ஜினீயர், 'அந்நியப் பொருள், அகற்றப்பட்டது' என்று எழுதினார். "சந்தனம் அந்நியமா மேடம்?" என்றேன். "சாமிக்கு இல்ல சார். மெஷினுக்கு," என்றார். பெயர் எதையும் எழுதவில்லை.

அதற்கப்புறம் ஒவ்வொரு வருஷமும் ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் அவரிடமிருந்து ஒரு தபால் வரும். உள்ளே செத்துப்போன ஒரு கார்ட்ரிட்ஜ். மேலே ஒரு சீட்டு. 'இதுக்கு வைங்க சார் பொட்டு.' என் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மூன்று நாள் வந்து வாசலில் உட்கார்ந்திருந்தார். எப்படி இருக்கிறார் என்று கேட்கவில்லை. நானாகச் சொல்லும் வரை உட்கார்ந்திருந்தார். பேராவூரணிப் பக்கம் போய்த் திரும்பினால் ஒரு தேங்காய் என் மேஜையில் இருக்கும். இந்த மாதிரி மனுஷியோடு பழகுகிற ஒருவனுக்குத் தன்னைப் பற்றி நல்ல அபிப்பிராயம் வந்துவிடுவது இயல்பு. எனக்கும் வந்துவிட்டது.

பல வருஷம் கழித்து, ஆபீசுக்குப் புது ஏற்பாடுகள் வந்து, அந்த டிரைவைக் கழித்துக் கட்டினார்கள். அதை எடுத்துப்போக அவர்தான் வந்தார். எதிர்க்கடையில் டீ குடித்தோம். குணசுந்தரியின் மகள் டீச்சர் டிரெயினிங் படிப்பதாகச் சொன்னார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். போகிற வழியில் இறங்கிப் பார்த்துவிட்டு வருவதுண்டு என்றார்.

அந்தத் தைரியத்தில், இத்தனை வருஷமாக உள்ளே கிடந்ததைக் கேட்டேன். பதிலை நானே தயாராக வைத்திருந்தேன். சேச்சே, உங்களைப் போயா சார் என்பார். நான் அடக்கமாகச் சிரிக்க வேண்டும்.

"மேடம், அன்னிக்கு நான் பெரியப்பாவுக்காக வேணும்னே செஞ்சேன்னு நீங்க சந்தேகப்பட்டீங்களா?"

அவர் டீ கிளாசைக் கீழே வைத்தார்.

"பட்டேன் சார்."